பிளக் பொருந்தினால் போதுமா?

1977-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் தன் விசிஎஸ் விளையாட்டுப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, ஜாய்ஸ்டிக்கைச் செருகுவதற்கு ஒன்பது பின் கொண்ட ஒரு பிளக்கைத் தேர்ந்தெடுத்தது. மேல் வரிசையில் ஐந்து பின், கீழ் வரிசையில் நான்கு. இந்தத் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்று அன்று யாரும் கணக்கிட்டிருக்க வழியில்லை. அடுத்த பதினொரு ஆண்டுகளில் அட்டாரியின் 400, 800 கணினிகள், கமடோரின் விக்-20, 1982-இல் வந்த கமடோர் 64, 1983-இல் ஜப்பானில் தொடங்கிய எம்எஸ்எக்ஸ் வரிசை, 1985-இல் வந்த அமிகாவும் அட்டாரி எஸ்டியும், 1988-இல் சேகா வெளியிட்ட மெகா டிரைவ் என்று பல வீட்டுக் கணினிகளும் விளையாட்டுப் பெட்டிகளும் அதே வடிவச் செருகுவாயை ஏற்றுக்கொண்டன. ஒரு பெட்டியின் ஜாய்ஸ்டிக்கை இன்னொன்றில் செருகினால் சிக்காமல் நுழையும். பல சமயம் வேலையும் செய்யும். சில சமயம் வேலை செய்வதுபோலத் தெரிந்துகொண்டே கணினிக்குள் இருக்கும் சிப்பைச் சிரமப்படுத்தும். பழைய கணினிகளைப் பேணுவோர் ஒரு கணினியின் கட்டுப்பாட்டுக் கருவியை இன்னொன்றுக்கு இணக்கும்போது எடுக்கும் தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த வடிவப் பொருத்தத்தை நம்புவதில் தொடங்குகின்றன. பிளக்கின் வடிவம் இரு கருவிகளுக்கு இடையிலுள்ள உடன்பாட்டின் மிக மெல்லிய மேற்பரப்பு மட்டுமே. அதற்குக் கீழே மின்சாரம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது, எந்தக் கணத்தில் யார் பேசுகிறார், பேசியதற்கு என்ன பொருள் என்ற மூன்று உடன்பாடுகள் இருக்கின்றன. அடாப்டர் செய்வது என்பது இவற்றை மொழிபெயர்ப்பது. ஒயரை மாற்றி ஒட்டுவது அதில் ஒரு சிறு பகுதி.

அட்டாரியின் சிஎக்ஸ்40 ஜாய்ஸ்டிக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே ஐந்து சுவிட்சுகள்தான் இருக்கும். மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு திசைகளுக்கு நான்கு, சுடும் பொத்தானுக்கு ஒன்று. சிப் கிடையாது, மின்வழங்கலும் தேவையில்லை. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு முனை தனக்கான பின்னுக்குப் போகிறது. மறுமுனைகள் அனைத்தும் எட்டாம் பின்னில், அதாவது கிரவுண்டில், ஒன்றுசேர்கின்றன. கணினி தன் பக்கத்தில் அந்தப் பின்களை ஒரு மின்தடை வழியாக 5 வோல்ட்டை நோக்கி மெல்ல இழுத்து வைத்திருக்கும். குச்சியை இடப்பக்கம் சாய்த்தால் மூன்றாம் பின் கிரவுண்டைத் தொட்டு 0 வோல்ட்டுக்கு விழும். கணினி அதைப் பார்த்து ‘இடம்’ என்று புரிந்துகொள்ளும். இந்த அமைப்பின் சிறப்பு ஜாய்ஸ்டிக் தன் பங்குக்கு எதையும் வலியுறுத்துவதில்லை என்பதே. பொத்தான் அழுத்தப்படாதபோது அது ஒயரில் இல்லாததற்குச் சமம். கணினி அந்த ஒயரை வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் ஜாய்ஸ்டிக் குறுக்கே வராது. அட்டாரி ஜாய்ஸ்டிக் இத்தனை கணினிகளில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் பிளக்கைக் காட்டிலும் இந்த அடக்கம்தான்.

எம்எஸ்எக்ஸ் கணினிகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அவற்றிலும் முதல் நான்கு பின்கள் நான்கு திசைகள், ஆறாம் பின் சுடும் பொத்தான். ஆனால் கிரவுண்ட் ஒன்பதாம் பின்னுக்கும் 5 வோல்ட் ஐந்தாம் பின்னுக்கும் போய்விட்டன. எட்டாம் பின் கணினியே ஏற்றி இறக்கக்கூடிய ஒரு வெளியீடு. அட்டாரி ஜாய்ஸ்டிக் கிரவுண்ட் என்று நம்பித் தொடுவது இந்த எட்டாம் பின்னைத்தான். கணினி அதை 0-வில் வைத்திருக்கும்வரை எல்லாம் சரியாக நடக்கும். இனி மறுபக்கம் பாருங்கள். எம்எஸ்எக்ஸ் ஜாய்ஸ்டிக்கில் இரண்டாவது பொத்தான் உண்டு. அது ஏழாம் பின்னை எட்டாம் பின்னோடு இணைக்கும். கமடோர் 64-இல் ஏழாம் பின் 5 வோல்ட் மின்வழங்கல், எட்டாம் பின் கிரவுண்ட். அந்த ஜாய்ஸ்டிக்கைக் கமடோரில் செருகி முதல் பொத்தானை மட்டும் அழுத்தி எத்தனை மணி நேரம் விளையாடினாலும் ஒன்றும் ஆகாது. இரண்டாவது பொத்தானில் விரல் பட்ட கணத்தில் மின்வழங்கல் நேரடியாகக் கிரவுண்டில் போய் விழும். செருகியது, விளையாடியது, எல்லாம் சரியாகவே இருந்தது என்ற சோதனை இங்கே எதையும் நிரூபிப்பதில்லை. சோதிக்கப்படாத ஒரே பொத்தானில்தான் ஆபத்து இருந்தது.

மெகா டிரைவின் கேம்பேட் இதைவிடச் சிக்கலானது. அதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கமடோர் 64 வைத்திருப்போர் பலர் மிக விரும்பிச் செருகும் கருவி அது. கைக்கு வாகானது, எளிதில் கிடைப்பது, பார்த்தால் வேலையும் செய்வது. மூன்று பொத்தான் கொண்ட அந்த கேம்பேடுக்குள் 74எச்சி157 என்ற சிப் இருக்கிறது. நான்கு திசைகள், ஏ, பி, சி, ஸ்டார்ட் என எட்டுச் செய்திகளை ஒன்பது பின்னுக்குள் அடக்க வேண்டிய நெருக்கடிக்கு சேகாவின் பொறியாளர்கள் கண்ட விடை அது. ஏழாம் பின்னில் கணினி உயர் மின்னழுத்தம் கொடுத்தால் சிப் பி, சி பொத்தான்களின் நிலையைக் காட்டும். தாழ்த்தினால் அதே பின்களில் ஏ, ஸ்டார்ட் பொத்தான்களின் நிலையைக் காட்டும். அந்தச் சிப்புக்குள் இத்தகைய தேர்வு வாயில்கள் நான்கே நான்கு. இடம், வலம், பி/ஏ, சி/ஸ்டார்ட் ஆகிய நான்கும் அவற்றின் வழியே போகின்றன. மேல், கீழ் இரண்டும் சிப்பைத் தொடாமல் நேரே வெளியே வருகின்றன. சிக்கனமான, அழகான வடிவமைப்பு. ஆனால் இதில் ஒரு தன்மை அடியோடு மாறிவிட்டது. சுவிட்சு அழுத்தப்படாதபோது ஒயரை விட்டுவிடும். சிப் விடாது. பொத்தான் அழுத்தப்படாத நிலையை அது 5 வோல்ட்டை அழுத்திக் கொடுத்துத்தான் சொல்கிறது.

இப்போது கமடோர் 64-இன் உள்ளே பார்க்க வேண்டும். அதன் ஜாய்ஸ்டிக் பின்களும் விசைப்பலகையின் ஒயர்களும் 6526 என்ற ஒரே சிப்பின் கால்களில் சேர்கின்றன. செலவைக் குறைக்கக் கமடோர் அப்படிச் செய்தது. முதல் செருகுவாயில் உள்ள ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் திரையில் எழுத்துகள் தோன்றுவதை அந்தக் கணினியைப் பயன்படுத்திய எவரும் பார்த்திருப்பார்கள். அதற்குக் காரணம் இந்தப் பங்கீடுதான். விசைப்பலகையைப் படிக்கும்போது கணினி ஒவ்வொரு நிரையாக 0 வோல்ட்டுக்கு இறக்கிப் பார்க்கிறது. இரண்டாம் செருகுவாயின் பின்கள் அதே நிரைகளில்தான் இருக்கின்றன. சுவிட்சு மட்டும் கொண்ட ஜாய்ஸ்டிக் இதில் தலையிடாது. மெகா டிரைவ் கேம்பேட் தலையிடும். கணினி ஒரு ஒயரை 0-வுக்கு இழுக்க, கேம்பேடுக்குள் இருக்கும் சிப் அதே ஒயரை 5-ஐ நோக்கித் தள்ளும். ஒரே கயிற்றை இருவர் எதிரெதிர்த் திசையில் இழுப்பதைப் போன்றது இது. கயிறு எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட, இருவர் கைகளிலும் ஏறும் பளுவே இங்கே கவலைக்குரியது. அந்தப் பளு வினாடிக்குப் பல பத்து முறை, 1980-களில் தயாரிக்கப்பட்டு இப்போது புதிதாகக் கிடைக்காத ஒரு சிப்பின் மேல் விழுகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. மெகா டிரைவ் கேம்பேட் தனக்கான மின்சாரத்தை ஐந்தாம் பின்னில் எதிர்பார்க்கிறது. கமடோரின் ஐந்தாம் பின்னில் மின்வழங்கல் இல்லை, அது சுழற்குமிழ்களை அளப்பதற்கான பின். கமடோர் 5 வோல்ட் கொடுப்பது ஏழாம் பின்னில். அதாவது கேம்பேடின் மின்வழங்கல் பின்னுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேர்வுப் பின்னுக்கு 5 வோல்ட் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இப்படியிருந்தும் கேம்பேட் இயங்குகிறது. எப்படி என்றால், சிப்பின் உள்ளீட்டுக் காலில் நிலைமின்னிலிருந்து காக்க வைத்திருக்கும் டயோடு வழியாக மின்சாரம் சிப்பின் மின்வழங்கல் பக்கம் கசிந்து அதை உயிர்ப்பிக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த பாதை, வடிவமைத்தவர் நினைத்துப் பாராத விதத்தில் உணவுக்குழாயாகிவிடுகிறது. திரையில் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. பி பொத்தான் சுடுகிறது, திசைகள் சரியாக இருக்கின்றன, வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

‘பல ஆண்டுகளாகப் பலர் இப்படியே செருகி விளையாடுகிறார்கள், ஒன்றும் கெடவில்லையே’ என்பது இங்கே வழக்கமாக வரும் மறுப்பு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பலரது கணினி இன்றும் இயங்குகிறது என்பது உண்மை. எல்லா விளையாட்டுகளும் விசைப்பலகையை ஓயாமல் படிப்பதில்லை. மோதல் நேரும் கணங்கள் குறைவு. 6526-இன் வெளியீட்டுத் திறனும் ஓரளவு தாங்கும். ஆனால் இந்த வாதம் எண்ணிக்கையில் எடுத்துக்கொள்வது கெடாத கணினிகளை மட்டும். ஒரு பழைய சிப் செத்துப்போனால் வயதாகிவிட்டது என்று சொல்லிப் புதைத்துவிடுகிறோமே தவிர, எந்த கேம்பேட் அதன் ஆயுளில் எவ்வளவைத் தின்றது என்று யாரும் பிரேதப் பரிசோதனை செய்வதில்லை. தீர்வு விலையுயர்ந்ததாக இருந்தால் இந்த ஐயத்தோடு வாழலாம். தீர்வோ சில டயோடுகள். ஒவ்வொரு செய்தி ஒயரிலும், மின்சாரம் கணினியிலிருந்து கேம்பேடை நோக்கி மட்டும் பாயும்படி ஒரு டயோடை வைத்தால், கேம்பேட் ஒயரைக் கீழே இழுக்க முடியும், மேலே தள்ள முடியாது. அதாவது சிப் மறுபடியும் சுவிட்சுபோல நடந்துகொள்ளும். கமடோரின் ஏழாம் பின்னிலிருந்து 5 வோல்ட்டை எடுத்துக் கேம்பேடின் ஐந்தாம் பின்னுக்கும் தேர்வுப் பின்னுக்கும் கொடுத்துவிட்டால் கசிவில் உயிர்வாழும் நிலையும் முடிந்தது. டயோடு வாங்குவதிலும் ஒரு கவனம் தேவை. சாதாரண சிலிக்கான் டயோடு தன் மேல் ஏறத்தாழ 0.6 வோல்ட்டை வைத்துக்கொள்ளும். அக்காலச் சிப்புகள் ‘தாழ்வு’ என்று உறுதியாக ஏற்பது 0.8 வோல்ட் வரைதான். இடைவெளி மிகக் குறுகல். 0.3 வோல்ட் அளவே எடுத்துக்கொள்ளும் ஷாட்கி டயோடு இந்த வேலைக்கு ஏற்றது.

ஆம்/இல்லை என்று சொல்லும் பொத்தான்களிலிருந்து அளவு சொல்லும் குமிழ்களுக்கு வந்தால், வடிவம் ஏமாற்றும் விதம் இன்னும் நுட்பமாகிறது. 1977-இன் ஆப்பிள் 2 கணினியும் 1981-இன் ஐபிஎம் பிசியும் ஜாய்ஸ்டிக்கின் நிலையை ஏறக்குறைய ஒரே முறையில்தான் அளந்தன. குச்சி ஒரு மாறும் மின்தடையைத் திருப்புகிறது. அந்த மின்தடை வழியாகக் கணினிக்குள் இருக்கும் ஒரு மின்தேக்கி நிரம்புகிறது. நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிரல் எண்ணிப் பார்க்கிறது. மின்தடை அதிகமானால் நேரமும் அதிகம். இரண்டிலும் நேரத்தைக் குறிக்கும் சிப்கூட 558 என்ற அதே வகைதான். ஆனால் ஆப்பிளின் குமிழ் 150 கிலோஓம், ஐபிஎம்முடையது 100 கிலோஓம். பிசியின் ஜாய்ஸ்டிக்கை ஒயர் மாற்றி ஆப்பிளில் இணைத்தால், வலது ஓரம்வரை சாய்த்தும் கணினி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தூரத்தையே காணும். விளையாட்டில் வரும் விண்கலம் திரையின் வலது ஓரத்தை எட்டவே எட்டாது. கமடோர் 64-இல் இது தலைகீழாக நடக்கும். கமடோரின் சுழற்குமிழ் 470 கிலோஓம், அட்டாரியுடையது 1 மெகாஓம். அட்டாரிக் குமிழைக் கமடோரில் பிளக் பொருந்தச் செருகித் திருப்பினால், பாதிச் சுற்றிலேயே கணினியின் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டுவிடும். மீதிப் பாதிச் சுற்று எதையும் மாற்றாது.

ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் இந்த நேரத்துக்கு ஒரு சூத்திரமே கொடுத்திருந்தது. 24.2 மைக்ரோவினாடி, அதனுடன் மின்தடையின் ஒவ்வொரு ஓமுக்கும் 0.011 மைக்ரோவினாடி. 100 கிலோஓமுக்குக் கணக்கிட்டால் சுமார் 1,124 மைக்ரோவினாடி வரும். இப்படி வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் எண்ணற்ற நிறுவனங்கள் பிசிக்கு ஜாய்ஸ்டிக் செய்ய முடிந்தது. அதே முறையின் பலவீனமும் இந்தச் சூத்திரத்திலேயே தெரிகிறது. நேரத்தை எண்ணுவது நிரலின் சுழற்சி. 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடிய முதல் பிசியில் வந்த எண்ணிக்கையும் பல மடங்கு வேகமான பிற்காலப் பிசியில் வந்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்காது. விளையாட்டைத் தொடங்கும் முன் குச்சியை மேல் இடது மூலைக்கும் கீழ் வலது மூலைக்கும் கொண்டுபோகச் சொன்ன அளவீட்டுச் சடங்கு அதனால் வந்தது. பிரிட்டனின் பிபிசி மைக்ரோ இந்த வழியையே எடுக்கவில்லை. அது நேரத்துக்குப் பதில் மின்னழுத்தத்தை நேரடியாக அளந்தது. அதில் பிசி ஜாய்ஸ்டிக்கை இணைக்க வேண்டுமானால் மாறும் மின்தடையோடு ஒரு நிலையான மின்தடையைச் சேர்த்து மின்னழுத்தத்தைப் பங்கிட வேண்டும். 100 கிலோஓம் குமிழுக்கு 100 கிலோஓம் நிலைத் தடை வைத்தோம் என்றால், குமிழின் கடைசியில் பாதி மின்னழுத்தம் கிடைக்கும். குமிழ் நடுவில் இருக்கும்போது நியாயப்படி கால்பங்கு வர வேண்டும், வருவதோ மூன்றில் ஒன்று. நடுவில் நிற்கும் குச்சியைக் கணினி ஒரு பக்கம் சாய்ந்ததாகப் பார்க்கும். இதை ஒயரால் சரிசெய்ய முடியாது, நிரலில் திருத்த வேண்டும்.

இதுவரை சொன்னவை வடிவம் பொருந்தியும் உடன்பாடு பொருந்தாதவை, அல்லது பாதி பொருந்தியவை. நேர்மாறான சாட்சி நின்டெண்டோவிடம் இருக்கிறது. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாமின் கேம்பேடில் 4021 என்ற பதிவகச் சிப் இருக்கிறது. விளையாட்டுப் பெட்டி ஒரு துடிப்பு அனுப்பினால் எட்டுப் பொத்தான்களின் நிலையும் அந்தக் கணத்தில் சிப்புக்குள் பிடிபடும். பிறகு பெட்டி ஒவ்வொரு கடிகாரத் துடிப்பாகக் கொடுக்கக் கொடுக்க, ஒரே ஒயர் வழியாக ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம் என்று வரிசையாக வெளியே வரும். எட்டுப் பொத்தானுக்கு மின்வழங்கல், கிரவுண்ட் சேர்த்து ஐந்தே ஒயர். 1990-இல் சூப்பர் ஃபேமிகாமை வெளியிட்டபோது இணைப்பின் வடிவத்தை நின்டெண்டோ முற்றிலும் மாற்றியது. இந்தப் பேச்சுமுறையை மாற்றவில்லை, எட்டு என்பதைப் பதினாறாக நீட்டியது, அவ்வளவுதான். அதனால் ஒன்றிலொன்று நுழையவே நுழையாத இந்த இரு கருவிகளுக்கு இடையே ஒரு சிப்கூட இல்லாத, ஒயரை ஒயரோடு இணைக்கும் அடாப்டர் போதும். புதிய கேம்பேடைப் பழைய பெட்டியில் இணைத்தால் முதல் எட்டுச் செய்திகளைப் பெட்டி வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைக் கேட்காமலே விட்டுவிடும். இதே நின்டெண்டோப் பேச்சுமுறையை நகலெடுத்த மலிவான விளையாட்டுப் பெட்டிகள் 1990-களில் இந்தியா உட்படப் பல நாடுகளில் விற்றன. அவற்றில் பலவற்றின் கேம்பேட் அட்டாரி வடிவத்து ஒன்பது பின் பிளக்கோடு வந்தது. பிளக்கைப் பார்த்து அவற்றை அட்டாரி உறவு என்று எண்ணினால் தவறு. உள்ளே இருப்பது நின்டெண்டோவின் பதிவகம், பின்களின் பொருள் வேறு. அவற்றை அட்டாரியிலோ கமடோரிலோ நேரடியாகச் செருகக் கூடாது.

பொருள் என்ற கடைசி அடுக்கில் சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் தனி அத்தியாயம். 1982-இல் பிரிட்டனில் வந்த அந்தக் கணினியில் ஜாய்ஸ்டிக் செருகுவாயே கிடையாது. அந்த வெற்றிடத்தைப் பல நிறுவனங்கள் தத்தம் வழியில் நிரப்பின. கெம்ப்ஸ்டன் நிறுவனத்தின் இடைமுகம் 31 என்ற முகவரியில் திசைகளை எண்ணாகக் கொடுத்தது. சிங்க்ளேர் 1983-இல் வெளியிட்ட இடைமுகம் 2 ஜாய்ஸ்டிக் அசைவுகளை விசைப்பலகையின் 6 முதல் 0 வரையுள்ள எண் விசைகளாகவும், இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை 1 முதல் 5 வரையாகவும் காட்டியது. மூன்றாவது வகை, அம்புக்குறி அச்சிட்ட 5, 6, 7, 8 விசைகளைப் பின்பற்றியது. ஒரே ஜாய்ஸ்டிக்கை ஒரே விதமாக மேலே தள்ளினால், கெம்ப்ஸ்டனில் அது ஓர் எண்ணின் ஒரு பிட், சிங்க்ளேரில் 9 என்ற விசை, அம்புக்குறி முறையில் 7 என்ற விசை. மின்சாரத்தில் குற்றம் இல்லை, நேரத்திலும் இல்லை. விளையாட்டுக்கும் இடைமுகத்துக்கும் பொருள் ஒத்துப்போக வேண்டும். அதனால்தான் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகள் தொடங்கும்போதே எந்த ஜாய்ஸ்டிக் என்று கேட்டன. கெம்ப்ஸ்டன் இல்லாத கணினியில் கெம்ப்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தால், யாரும் இல்லாத முகவரியிலிருந்து வரும் பொருளற்ற எண்ணை அசைவு என்று எடுத்துக்கொண்டு விளையாட்டின் பாத்திரம் தானாக ஓடத் தொடங்கும். 1986-இல் ஆம்ஸ்ட்ராட் ஸ்பெக்ட்ரம் +2-ஐ வெளியிட்டபோது இரண்டு ஜாய்ஸ்டிக் செருகுவாய்களை உள்ளேயே வைத்தது. நல்ல முடிவு. ஆனால் அட்டாரி வடிவத்தையே வைத்துக்கொண்டு பின்களின் இடங்களை மட்டும் மாற்றியது. சந்தையில் கிடைத்த ஜாய்ஸ்டிக்குகள் நுழைந்தன, வேலை செய்யவில்லை. ஆம்ஸ்ட்ராட்டே விற்ற ஜாய்ஸ்டிக் வேலை செய்தது. இதற்குப் பொறியியல் காரணம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. வாங்கியவரின் கையில் இருந்த பழைய ஜாய்ஸ்டிக்கைப் பயனற்றதாக்கும் முடிவு அது.

யூஎஸ்பி இந்தச் சிக்கலையெல்லாம் தீர்த்துவிட்டதே என்று கேட்கலாம். பாதி உண்மை. யூஎஸ்பியின் மனித இடைமுக வகைக்கு உட்பட்ட கருவி, இணைத்தவுடன் தன்னைப் பற்றிய விவரத்தைத் தானே கணினிக்குச் சொல்லும். என்னிடம் இத்தனை பொத்தான், இத்தனை அச்சு, ஒவ்வொன்றின் எல்லை இது என்று எழுதி வைத்திருக்கும். பொருள் என்ற அடுக்கை ஊகத்திலிருந்து ஆவணத்துக்குக் கொண்டுவந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் இந்த நாகரிகத்தை எல்லோரும் ஏற்கவில்லை. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேட் யூஎஸ்பி பிளக்கோடு வந்தும் அந்தப் பொது வகையில் சேராமல் நிறுவனத்தின் தனி வகையாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. பிளேஸ்டேஷன் 3-இன் கேம்பேட் கணினியிலிருந்து ஒரு குறிப்பிட்ட கட்டளை வரும்வரை பொத்தான் செய்திகளை அனுப்பாது. பிளக் ஒன்று, உடன்பாடு வெவ்வேறு என்ற ஒன்பது பின் கதை நான்கு பின்னில் மறுபடி நடந்தது.

யூஎஸ்பியில் இன்னொரு அடிப்படைப் பிரச்சினை இருக்கிறது. அதில் இரு முனைகளும் சமமில்லை. ஒரு பக்கம் கேட்பவர், மறுபக்கம் பதில் சொல்பவர். கேம்பேட் எப்போதும் பதில் சொல்லும் பக்கம்தான். பழைய கேம்பேடைப் புதிய கணினிக்குக் கொண்டுவருவது அதனால் எளிது. கேட்பவரின் கடினமான வேலையைப் புதிய கணினி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. நடுவில் ஒரு சிறிய மைக்ரோகண்ட்ரோலர் பழைய கேம்பேடைப் படித்துப் பதில் சொன்னால் போதும். புதிய கேம்பேடைப் பழைய கணினிக்குக் கொண்டுபோவது கடினம். ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவாகவோ கூடவோ ஓடும் கமடோர் 64, வினாடிக்கு 15 லட்சம் பிட் வேகத்தில் பேசும் யூஎஸ்பியின் மெதுவான வகையைக்கூடத் தானாகக் கவனிக்க முடியாது. கேட்பவரின் வேலை முழுவதையும் அடாப்டரே சுமக்க வேண்டும். 2021-இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோ போன்ற மலிவான பலகைகள் இதைச் செய்யக்கூடியவை. அதிலும் மின்சாரத்தின் உடன்பாடு மறுபடி தலைகாட்டும். பிக்கோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை, கமடோரின் பின்கள் 5 வோல்ட்டில் நிற்பவை. நடுவில் டிரான்சிஸ்டர் வைத்து, ஒயரைக் கீழே இழுக்க மட்டும் அனுமதிப்பதே முறை. நவீனச் சிப்பும் கடைசியில் 1977-இன் சுவிட்சுபோல நடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மொழிபெயர்க்க ஒரு சிப்பை நடுவில் நிறுத்தினால் தாமதம் வரும், வேகமான விளையாட்டுகளில் அது தெரியும் என்று அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் ஆட்சேபிப்பதுண்டு. இதை எண்களால் தீர்க்கலாம். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் திரை வினாடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படுகிறது. பெரும்பாலான விளையாட்டுகள் ஜாய்ஸ்டிக்கை ஒரு முறை படித்தபின் அடுத்த முறை படிக்க 20 மில்லிவினாடி எடுத்துக்கொண்டன. நின்டெண்டோ கேம்பேடின் எட்டுச் செய்திகளைப் படிக்க ஒரு மில்லிவினாடியில் சிறு பகுதியே போதும். அதை மொழிபெயர்க்கும் நேரம் அதைவிடக் குறைவு. தாமதம் வருவது வேறு இடத்தில். யூஎஸ்பியின் மெதுவான வகைக் கருவியைக் கணினி 8 அல்லது 10 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான் விசாரிக்கும். கம்பியில்லா இணைப்பு தன் பங்கைச் சேர்க்கும். நவீனத் தொலைக்காட்சியின் படச் செயலாக்கமும் சேர்க்கும். ஆட்டக்காரர் உணரும் தாமதம் உண்மையானது. அதற்குக் குற்றவாளி மொழிபெயர்ப்பு அல்ல, அடிக்கடி விசாரிக்காத அமைப்பு. ஒரு மில்லிவினாடிக்கு ஒரு முறை விசாரிக்கும்படி எழுதிய அடாப்டரில் இந்தக் குறை போய்விடும்.

பழைய விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்பது கடைசி ஆட்சேபம். இந்த அறிவு பழம்பொருள் சேகரிப்போடு நின்றுவிடவில்லை. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரின் பின்புறம் ஹெட்போன் பிளக் அளவில், 3.5 மில்லிமீட்டரில், 19 செருகுவாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பொத்தானுக்கோ திசைக்கோ உரியது. பொத்தானுக்கு உரிய வாயில் வருவது அட்டாரி ஜாய்ஸ்டிக்கில் வந்த அதே எளிய செய்திதான், இரண்டு முனைகள் தொட்டனவா இல்லையா. விரல்களை அசைக்க முடியாதவர் முழங்கையால் அழுத்தும் பெரிய பொத்தானையோ, காலால் மிதிக்கும் சுவிட்சையோ, தலையைச் சாய்த்தால் தொடும் பட்டையையோ அதில் இணைக்கலாம். உடல்திறன் குறைந்தோருக்கான சுவிட்சுகள் இதே பிளக்கில் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே விற்கப்பட்டு வந்ததால், வீட்டில் ஏற்கெனவே இருந்தவையே நேராகப் பொருந்தின. 2023-இல் சோனி வெளியிட்ட அக்சஸ் கண்ட்ரோலரிலும் அத்தகைய செருகுவாய்கள் நான்கு உள்ளன. ஒரு குழந்தை தன் அண்ணனோடு சமமாக உட்கார்ந்து விளையாட முடியுமா என்பதை இங்கே தீர்மானிப்பது ஒரு ஒயரின் பொருள் எளிமையாகவும் எல்லோருக்கும் தெரிந்ததாகவும் இருக்கிறதா என்பதுதான். +2-இன் பின்களை இடம் மாற்றிய முடிவையும் இந்த 19 செருகுவாய்களைத் திறந்து வைத்த முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உடன்பாட்டை மறைப்பது ஆட்களை வெளியே நிறுத்துகிறது, வெளியிடுவது உள்ளே அழைக்கிறது என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

எனவே ஒரு கணினியின் கேம்பேடை இன்னொன்றில் செருகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். கணினியின் செருகுவாயில் எந்தப் பின்னில் 5 வோல்ட் இருக்கிறது, எது கிரவுண்ட் என்று அளந்து எழுதுங்கள். கேம்பேடைத் திறந்து உள்ளே சுவிட்சுகள் மட்டும் இருக்கின்றனவா, சிப் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சு மட்டும் என்றால், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்தி எந்த இரண்டு பின்கள் இணைகின்றன என்று சோதியுங்கள், இரண்டாவது பொத்தானை மறக்க வேண்டாம். சிப் இருந்தால் டயோடோ டிரான்சிஸ்டரோ நடுவில் இல்லாமல் இணைக்காதீர்கள். அடாப்டர் செய்து முடித்ததும் அதன் பின் அமைப்பையும் நிரலையும் படத்தோடு பொதுவில் வெளியிடுங்கள். அடுத்துச் செய்யப்போகிறவர் கையில் இருப்பது, மாற்றுச் சிப் கிடைக்காத ஒரு கணினியாக இருக்கலாம்.